வீடியோ போதாது, தீர்மானம் வேண்டும்: அரிட்டாபட்டி காட்டும் வழி

உங்க ஊர் கண்மாய்க் கரையில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லாரி கட்டடக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறது. காலையில் நடைப்பயிற்சிக்குப் போன ஒருவர் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ஐம்பது பேர் கோப முகம் போடுகிறார்கள். 'இதை யாருமே கேக்க மாட்டாங்களா?' என்று ஒரு அண்ணன் பொங்குகிறார். மத்தியானத்துக்குள் அந்த வீடியோ காதுகுத்து அழைப்பிதழுக்கும் 'இனிய மதிய வணக்கத்துக்கும்' கீழே போய்விடுகிறது. அடுத்த வாரம் அடுத்த லாரி.

வீடியோ எடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் அது எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் ஏறவில்லை. பதிவேட்டில் ஏறாத புகாருக்கு யாரும் பதில் எழுதவேண்டிய அவசியமும் இல்லை. ஊர்க்காரர்களின் அக்கறை எப்படி ஒரு அரசு ஆவணமாக மாறுகிறது, மாறியபின் அதற்கு என்ன பலம் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, நம்ம மதுரைக்குப் பக்கத்திலேயே ஒரு ஊர் இருக்கிறது.

ஏழு குன்றும் ஒரு அறிவிக்கையும்

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர் போனால் அரிட்டாபட்டி. ஏழு பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர். மழை பெய்தால் அந்தப் பாறைகளில் வழியும் தண்ணீர்தான் சுற்றியுள்ள 72 கண்மாய்களுக்கும் 200 ஊற்றுக்குளங்களுக்கும் 3 தடுப்பணைகளுக்கும் ஆதாரம். கழிஞ்சமலையில் 2,200 ஆண்டுகள் பழமையான தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. பக்கத்திலேயே குடைவரைச் சிவன் கோயில். வானத்தைப் பார்த்தால் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் கணக்கில் தனி.

மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் எத்தனை குன்றுகளைத் தின்றன என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரிட்டாபட்டிக் குன்றையும் வெட்ட முயற்சி நடந்தது. ஊர் மக்கள் எதிர்த்து நின்று அதை நிறுத்தினார்கள். பல ஊர்களில் கதை அதோடு முடிந்துவிடும். போராட்டம் ஜெயித்தது, பட்டாசு வெடித்தது, எல்லோரும் வயலுக்குத் திரும்பினார்கள் என்று. இங்கே அதற்குப் பிறகும் வேலை நடந்தது. பறவை ஆர்வலர்கள் வந்து போய்ப் பட்டியல் எழுதினார்கள். எந்த ஊற்று எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்தக் கோயில் காட்டில் என்ன மரம் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் தாளில் ஏறின. தொல்லியல் படித்தவர்கள் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்துதான் பின்னால் அரசு முன் வைக்கக்கூடிய ஆதாரம் ஆயின.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியில் 139.63 ஹெக்டேரையும், ஒட்டியுள்ள மீனாட்சிபுரத்தில் 53.58 ஹெக்டேரையும் சேர்த்து 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அறிவித்தது. மாநிலத்திலேயே இதுதான் முதல் தலம். (நாட்டின் முதல் தலம் கர்நாடகாவில் உள்ள நல்லூர் புளியந்தோப்பு. அது 2007-இல் அறிவிக்கப்பட்டது.)

இந்த அறிவிப்பு உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன் 37-ஆவது பிரிவின்கீழ் வருகிறது. அந்தப் பிரிவில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. மாநில அரசு உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்த பிறகுதான் ஒரு இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க முடியும். சென்னையில் உட்கார்ந்து கோடு போட்டு முடித்துவிட முடியாது. அதனால் ஊராட்சியின் பேச்சுக்கு இங்கே சட்டத்திலேயே இடம் உண்டு.

'தலம்னு அறிவிச்சா ஆடு மாடு மேய்க்க விடமாட்டாங்களே, சாமி கும்பிடப் போகமுடியாதே' என்ற பயம் பல ஊர்களில் வரும். நியாயமான பயம்தான். ஆனால் இது வனவிலங்குச் சரணாலயம் போன்றது கிடையாது. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, ஊர் மக்கள் தாங்களாகவே முடிவெடுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளைத் தவிர, அவர்களின் வழக்கமான பயன்பாட்டுக்குப் புதிதாகத் தடை வராது. இதனால் யாருக்காவது பொருளாதார பாதிப்பு வந்தால் இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் மாநில அரசு திட்டம் வகுக்கவேண்டும் என்றும் அதே 37-ஆவது பிரிவு சொல்கிறது.

டங்ஸ்டன் வந்தபோது

அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டு முடியும் நேரத்தில் சோதனை வந்தது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' ஏலத்தின் முடிவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. தொகுதியின் மொத்தப் பரப்பு 20.16 சதுர கிலோமீட்டர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர்த் தலமும் வந்தது. அது 1.93 சதுர கிலோமீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட பல்லுயிர்த் தலம் இல்லை. மீதியெல்லாம் வயல், கண்மாய், வீடு, கோயில். அதாவது அறிவிக்கை மட்டுமே கையில் இருந்திருந்தால், அந்த 1.93 சதுர கிலோமீட்டரை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியில் வேலையைத் தொடரலாம் என்ற பேச்சுக்கு இடம் இருந்தது. உண்மையிலேயே அப்படி ஒரு யோசனை வந்தது. பல்லுயிர்த் தலத்தை விலக்கி எல்லையை மறுஆய்வு செய்யும்படி 2024 டிசம்பர் 24-ஆம் தேதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை அமைச்சகம் கேட்டுக்கொண்டது.

மீதி இடத்துக்காகப் பேசியவை ஊர்களின் தீர்மானங்கள். 2024 நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபைக் கூட்டங்கள் நடந்தன. அன்று மேலூர் வட்டாரத்தில் பல ஊராட்சிகள் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி, ஏலத்தை ரத்து செய்ய முடிவெடுத்ததாக சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பல்லுயிர்த் தலத்தின் முக்கியத்துவத்தையும் மக்களின் எதிர்ப்பையும் காரணமாகச் சொன்னது.

நடைபயணம்தான் டிவியில் வந்தது. ஆனால் ஒரு ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டில் தேதியோடும் கையெழுத்தோடும் இருக்கும் ஒரு பக்கம், கூட்டம் கலைந்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கும். ஆட்சியர் அலுவலகமோ நீதிமன்றமோ அமைச்சகமோ 'ஊர் என்ன சொன்னது?' என்று கேட்டால் எடுத்துக் காட்ட அந்தப் பக்கம் வேண்டும். ஊரே திரண்டு நிற்பதும் வேண்டும், அந்தப் பக்கமும் வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது.

அப்போ நம்ம ஊருக்கு?

எல்லா ஊரிலும் வல்லூறும் தமிழ் பிராமியும் இருக்காது. ஆனால் மதுரைச் சமவெளியில் கண்மாய் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் கேள்வி: இந்தக் கண்மாய் யாருடையது? இதைக் கேட்காமலேயே பல தன்னார்வக் குழுக்கள் மண்வெட்டியோடு இறங்கிவிடுகின்றன. பொதுவாக, பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறைக் கண்மாய், அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். கோயில் தெப்பக்குளம் என்றால் அறநிலையத்துறை. ஊருக்குள் இருக்கும் ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. தவறான அலுவலகத்துக்குப் போன மனு மேசை மேசையாகச் சுற்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சர்வே எண் தெரிந்தால், தமிழ்நாடு அரசின் நில ஆவண இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேடு விவரத்தை போனிலேயே பார்த்துவிடலாம். அது புறம்போக்கு நிலம்தானா என்று சரிபார்க்கவும் அங்கேயே வசதி இருக்கிறது. எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள்.

அடுத்தது கிராம சபை. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் உறுப்பினர்தான். தனியாக யாரும் அழைக்கவேண்டியதில்லை. மதுரை மாவட்டத்தில் 420 ஊராட்சிகள் இருக்கின்றன. உங்களுடையதில் கடைசிக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுரை உள்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 'தலைவரே இல்லை, அப்புறம் என்ன கிராம சபை?' என்று சிலர் ஒதுங்கிவிட்டார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும், தீர்மானமும் போடலாம்.

தீர்மானத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'நமது கண்மாயைச் சுத்தம் செய்யவேண்டும்' என்று எழுதினால் எல்லோரும் கைதட்டுவார்கள், யாருக்கும் வேலை வராது. அதையே இப்படி எழுதலாம்: இந்த சர்வே எண்ணில் உள்ள கண்மாயின் வடக்குக் கரையில், இரண்டாவது மடைக்குப் பக்கத்தில் கட்டடக் கழிவு கொட்டப்படுகிறது. வரத்துக் கால்வாய் இந்த இடத்தில் இத்தனை அடி தூரத்துக்குத் தூர்ந்திருக்கிறது. கால்வாயை அளந்து எல்லைக்கல் நட வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது. கழிவு கொட்டும் பாதையை ஊராட்சி அடைப்பது. அடுத்த கூட்டத்தில் இதன் நிலவரத்தை முதல் பொருளாக எடுப்பது. இடம், பிரச்சினை, யாருடைய வேலை, எப்போது மறுபடி கேட்கப்போகிறோம் என்ற நாலும் அதில் வந்துவிட்டது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இதை மனுவாக எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். கூட்டம் முடியுமுன் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீடியோவுக்கும் போட்டோவுக்கும் இப்போதுதான் உண்மையான மதிப்பு. அதை அச்செடுத்து, எடுத்த தேதியும் இடமும் எழுதி மனுவோடு இணையுங்கள்.

பீரோவில் தூங்கும் ஒரு பதிவேடு

பல பேருக்குத் தெரியாத ஒரு அமைப்பு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்கவேண்டும். பெயர் பல்லுயிர் மேலாண்மைக் குழு. அதே 2002 சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இந்தக் குழுவின் முக்கிய வேலை, ஊர் மக்களைக் கேட்டு 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிப்பது. ஊரில் என்ன மரம், என்ன மீன், எந்த நெல், எந்த மூலிகை, அதற்கு ஊர்ப் பெயர் என்ன, யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். வியாபாரத்துக்காக வெளியாட்கள் இங்குள்ள உயிரி வளத்தைச் சேகரித்தால் கட்டணம் கேட்கவும் குழுவுக்கு வழி இருக்கிறது.

எல்லா உள்ளாட்சிகளிலும் குழுவும் பதிவேடும் 2020 ஜனவரி 31-க்குள் தயாராக வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கக் கெடு வைத்தது. கெடு வைத்து எழுதிய ரெக்கார்டு நோட்டு எப்படி இருக்கும் என்று ஸ்கூலில் படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் உங்கள் ஊராட்சியிலும் ஒரு பதிவேடு இருக்க வாய்ப்பு அதிகம். அதில் உங்கள் பாட்டிக்குத் தெரிந்த கீரை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவேடு ஒருமுறை எழுதி மூடிவைப்பதற்கு அல்ல, அவ்வப்போது புதுப்பிப்பதற்குத்தான். கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுக்கள், ஆடு மேய்ப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது. மேய்ப்பவர்களை விட்டுவிட்டு இதைச் செய்யவே முடியாது என்பது என் கருத்து.

இந்த வழியில் சின்ன இடங்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். அழகர்மலையை ஒட்டி, திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காடு இருக்கிறது. வெறும் 4.97 ஹெக்டேர். சாமிக்குப் பயந்து யாரும் மரம் வெட்டாமல் விட்ட காடு. 2025 மார்ச்சில் அது மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது.

மாநகராட்சிக்குள் இருப்பவர்கள்

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாக வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கின. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு மட்டும்தான் அங்கே பேசவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் தெருச் சாக்கடை எந்தக் கால்வாயில் கலக்கிறது, அந்தக் கால்வாய் எந்தக் கண்மாய்க்கோ வைகைக்கோ போகிறது என்றும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இதற்கு நல்ல உதாரணம். திருமலை நாயக்கர் காலத்தில் 1645-இல் வெட்டிய குளம். வைகைத் தண்ணீர் வரும் கால்வாய் அடைபட்டதால் பல வருடம் குளம் காய்ந்து கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. கால்வாயைச் சரிசெய்து ஆற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகுதான் தெப்பம் மறுபடி தண்ணீரில் மிதந்தது. குளம் காய்ந்தது குளத்தால் அல்ல, கால்வாயால். கரையில் நடைபாதையும் கலர் விளக்கும் போடுவது நல்லதுதான். ஆனால் வரத்துக் கால்வாயும் கலுங்கும் சரியாக இருந்தால்தான் அந்த நடைபாதையில் நின்று பார்க்கத் தண்ணீர் இருக்கும்.

சேர்ந்து வேலை செய்யும்போது

ஆர்வக்கோளாறில் செய்யக்கூடாதவையும் உண்டு. அனுமதி இல்லாமல் ஜேசிபி வைத்துக் கண்மாயைத் தோண்டாதீர்கள். மண் எடுப்பது சட்டப்படி அனுமதி தேவைப்படும் வேலை. நல்ல எண்ணத்தில் செய்தாலும் வழக்கு வழக்குதான். விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வண்டல் மண் எடுக்க வேறு வழி இருக்கிறது. 2024-இல் இருந்து இ-சேவை மூலம் விண்ணப்பித்தால் தாலுகா அளவில் வட்டாட்சியரே கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார். கண்மாயும் ஆழமாகும், வயலுக்கும் உரம். நீர்ப்பிடிப்புக்குள் மரக்கன்று நடுவதும் வேண்டாம். போட்டோவுக்கு அழகாக இருக்கும், தண்ணீர் நிற்கவேண்டிய இடம் போய்விடும். சீமைக்கருவேலத்தை அகற்றுவதென்றாலும் கண்மாய் யாருடையதோ அந்தத் துறையிடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.

பணம் வேண்டும் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஊர் காசு போட்ட வேலையை ஊரே கண்காணிக்கும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று சொன்னதும் இதைத்தான். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து பாசன விவசாயிகளை 'வயலகம்' என்ற சங்கங்களாகச் சேர்த்துக் கண்மாய்களைச் சீரமைத்து வருகிறது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்களே சங்கத்தில் இருந்தால், வேலை முடிந்த பிறகும் மடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் தன்னார்வலர்கள் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

தீர்மானம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், தீர்மான எண்ணையும் தேதியையும் சொல்லி 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு 'இந்தத் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தீர்மான எண் இருக்கும் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் எழுதுவது கஷ்டம்.

போனில் செய்யக்கூடிய இன்னொரு வேலையும் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். ஈபேர்ட் செயலியை இறக்கிக்கொண்டு, உங்கள் கண்மாய்க் கரையில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் பதிவு செய்தால் போதும். சாமநத்தம் கண்மாய் மாதிரி பெரிய இடம்தான் என்றில்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையும் கணக்குத்தான். தெரியாத பறவையைத் தவறாக எழுதுவதைவிட விட்டுவிடுவது நல்லது. கொக்கு, நாரை, மீன்கொத்தி, முக்குளிப்பான் இந்த நாலையும் அடையாளம் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். அந்தப் பட்டியலை அச்செடுத்து, ஜனவரி 26 கிராம சபைக்கு எடுத்துப் போய், பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.